ராக்கும் ஹிட்ச்சும் அளவு சேராதபோது: அடாப்டர் போட்டு சைக்கிள் ராக் பொருத்த முழுமையான வழிகாட்டி

புது ராக்கின் பெட்டியைப் பிரித்து, காரின் பின்னால் கொண்டுபோய் நுழைத்துப் பார்த்தால் உள்ளே போகவில்லை. ராக்கின் தண்டு 2 இன்ச் சதுரம், காரில் இருக்கும் துளை ஒன்றேகால் இன்ச். சிலருக்கு நேர்மாறாக நடக்கும்: துளை பெரிது, தண்டு சிறிது, உள்ளே போட்டால் லொடலொடவென்று ஆடுகிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைக்கும் இரும்புத் துண்டுதான் ஹிட்ச் அடாப்டர்.

அதை மாட்டுவது அரை மணி நேர வேலை. ஆனால் மாட்டலாமா, எந்த வகையை மாட்டலாம், எத்தனை சைக்கிளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்வதற்குத்தான் நேரம் எடுக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி தூரம் வரை ஸ்பேனரைக் கையில் எடுக்க மாட்டோம். அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வேகமாகப் போகும் காரிலிருந்து ராக் கழன்றால், அது உங்களுக்குப் பின்னால் வருபவரின் முகத்துக்கு நேராகப் போகும்.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். காரின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும் முழு இரும்புக் கட்டமைப்பு ஹிட்ச். அதன் நடுவில் பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும் சதுரக் குழாய் ரிசீவர். அதற்குள் நுழையும் ராக்கின் சதுரக் கம்பியை இங்கே தண்டு என்கிறேன். இரண்டையும் குறுக்கே கோத்துப் பிடிப்பது பின். அந்தப் பின் உருவிக்கொண்டு வராமல் அதன் நுனியில் செருகுவது கிளிப்.

முதலில் அளந்து பாருங்கள்

ரிசீவரை அளக்கும்போது உள் அகலத்தை அளக்க வேண்டும். வெளி அகலத்தை அளந்துவிட்டுத் தவறான அடாப்டர் வாங்குபவர்கள் நிறையப் பேர். குழாயின் சுவர் தடிமனும் வாயைச் சுற்றியுள்ள வளையமும் சேர்ந்துகொள்வதால், வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ரிசீவரும் ஒரு அளவு பெரிதாகவே தெரியும். உள்ளே சுமார் 32 மில்லிமீட்டர் இருந்தால் அது ஒன்றேகால் இன்ச். சுமார் 51 மில்லிமீட்டர் இருந்தால் 2 இன்ச். பெரிய டிரக்குகளில் இரண்டரை இன்ச்சும் 3 இன்ச்சும் உண்டு. ராக்கின் தண்டுக்கு நேர்மாறு, அதன் வெளி அகலத்தை அளக்க வேண்டும்.

அடுத்து, பின் போகும் துளை. ஒன்றேகால் இன்ச் ரிசீவர்களில் வழக்கமாக அரை இன்ச் பின். 2 இன்ச் ரிசீவர்களில் 5/8 இன்ச் பின், அதாவது ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். இந்த வித்தியாசம் பின்னால் நமக்குத் தொந்தரவு தரப்போகிறது, நினைவில் வையுங்கள்.

டார்ச் அடித்து ரிசீவரின் உள்ளேயும் பாருங்கள். சில ஒன்றேகால் இன்ச் ரிசீவர்களில் ஆழத்தில் ஒரு தடுப்பு வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். தண்டு நீளமான அடாப்டர் அதில் முட்டி நின்றுவிடும், பின் துளைகள் நேருக்கு நேர் வராது. ஒரு குச்சியை உள்ளே விட்டு, பின் துளையின் மையத்திலிருந்து எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டால், வாங்கும் முன்பே அடாப்டரின் அளவோடு ஒப்பிட்டுவிடலாம்.

பிறகு ஸ்டிக்கர். ஹிட்ச்சின் மேலேயோ பக்கவாட்டிலோ தயாரிப்பாளர் ஒட்டியிருப்பார். அதில் பெரிய எண் டிரெய்லரின் மொத்த எடை, அதை விட்டுவிடுங்கள். நமக்கு வேண்டியது டங் வெயிட் என்ற சின்ன எண், அதாவது ரிசீவர் மேல் செங்குத்தாக எவ்வளவு எடை இறங்கலாம் என்பது. வட அமெரிக்க வகைப்பாட்டில் முதல் வகுப்பு ஹிட்ச்சுக்கு இது வழக்கமாக 200 பவுண்டு, சுமார் 90 கிலோ. இரண்டாம் வகுப்புக்கு 350 பவுண்டு வரை, சுமார் 159 கிலோ. மூன்றாம் வகுப்பும் அதற்கு மேலும் 2 இன்ச் அல்லது அதைவிடப் பெரிய ரிசீவரோடு வரும், அவற்றில் எண் இன்னும் கூடும். வகுப்பை வைத்து ஊகிக்காமல் உங்கள் ஸ்டிக்கரில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். சில ஸ்டிக்கர்களில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும். அதில் பெரியது, டிரெய்லர் எடையைப் பகிர்ந்து தாங்கும் தனி அமைப்பு ஒன்றைச் சேர்த்தால் மட்டும் செல்லும். சைக்கிள் ராக்குக்குச் சிறிய எண்தான் பொருந்தும்.

காரோடு வந்த கையேட்டையும் ஒருமுறை புரட்டுங்கள். ஹிட்ச் 90 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தாலும் கார் 75 கிலோ என்று சொன்னால் உங்கள் எண் 75 தான்.

ரிசீவர் இல்லாமல் உருண்டை மட்டும் இருக்கும் கார்கள் உண்டு. ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர் டோ பால் தான் வழக்கம், அதைக் கவ்விப் பிடிக்கும் ராக்குகளும் தனியாக இருக்கின்றன. உருண்டையைக் கவ்வி அதில் 2 இன்ச் ரிசீவர் தரும் அடாப்டர்களும் விற்கிறார்கள். உருண்டை என்பதால் அது பக்கவாட்டில் சுழலாமல் நிற்பது கவ்வலின் இறுக்கத்தால் மட்டுமே. ராக் தயாரிப்பாளர் வெளிப்படையாக அனுமதித்திருந்தால் ஒழிய நான் அந்த வழியில் போக மாட்டேன். அந்த மாதிரிக் காருக்கு டோ பால் ராக்கையே வாங்கிக்கொள்வது நல்லது.

அடாப்டர் மூன்று வகை, மூன்றும் ஒன்றல்ல

பெரிய துளைக்குள் சிறிய தண்டைப் பொருத்துவது முதல் வகை. 2 இன்ச் ரிசீவருக்குள் ஒரு உறை போல நுழைந்து, நடுவில் ஒன்றேகால் இன்ச் துளை தரும். இருப்பதிலேயே நிம்மதியான வகை இதுதான். நீளத்தைக் கூட்டுவதில்லை, உறை முழுவதும் ரிசீவருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் மேலே சொன்ன பின் சிக்கல் இங்கேதான் வரும். ரிசீவரின் துளை 5/8 இன்ச், ராக் தண்டின் துளை அரை இன்ச். 5/8 பின் தண்டுக்குள் போகாது. அரை இன்ச் பின் போட்டால் ரிசீவர் துளையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விழும், ஒவ்வொரு குலுங்கலிலும் பின் அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் வாங்கும்போதே பாருங்கள்: அந்த இடைவெளியை அடைக்கும் புஷ் என்ற சின்ன வளையம் அடாப்டரோடு வருகிறதா, அல்லது உறைக்கு ஒரு பின்னும் தண்டுக்கு ஒரு பின்னும் என்று இரண்டு தனித் துளைகள் இருக்கின்றனவா என்று. இரண்டும் இல்லாத வெறும் உறை என்றால் வாங்காதீர்கள். ராக்கின் தண்டைத் துளைத்துப் பெரிதாக்கலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். ஒன்றேகால் இன்ச் தண்டில் துளையைச் சுற்றி இருக்கும் இரும்பே கொஞ்சம்தான்.

சிறிய துளையில் பெரிய தண்டைப் பொருத்துவது இரண்டாம் வகை. ஒரு முனை ஒன்றேகால் இன்ச் கட்டை, மறுமுனை 2 இன்ச் ரிசீவர். பெரிய தண்டு சின்னத் துளைக்குள் போக முடியாது என்பதால் இந்த அடாப்டர் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும், பெரும்பாலும் 10 முதல் 20 சென்டிமீட்டர் வரை. பெரும்பாலானவர்கள் தேடுவதும் இதைத்தான், கவனம் அதிகம் தேவைப்படுவதும் இதற்குத்தான். இதை மாட்டியதும் வாய் 2 இன்ச் ஆகிவிடுகிறது. உடனே, ‘இப்போது என் காரில் 2 இன்ச் ஹிட்ச் இருக்கிறது, நாலு சைக்கிள் ராக் மாட்டலாம்’ என்று மனம் கணக்குப் போட ஆரம்பிக்கும். காரில் இருப்பது இன்னும் அதே ஒன்றேகால் இன்ச் ஹிட்ச்தான். அடாப்டர் மாற்றியது அளவை மட்டும், தாங்கும் சக்தியை அல்ல.

மூன்றாவது, நீளத்தையோ உயரத்தையோ மாற்றும் வகை. பின்னால் ஸ்டெப்னி தொங்கும் கார்களுக்கு நீட்டிப்பு, தாழ்ந்த கார்களுக்கு மேல்நோக்கி வளைந்த அடாப்டர். நீட்டிப்பைத் தயாரிப்பவர்களில் பலர், அதைப் போட்டால் ஹிட்ச்சின் தாங்கும் அளவைப் பாதியாகக் கணக்கிடச் சொல்கிறார்கள். அளவு மாற்றும் அடாப்டரோடு நீட்டிப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டுவது கூடவே கூடாது. இடையில் ஒரு இணைப்புக்கு மேல் வேண்டாம்.

நெம்பும் விசை என்ற கணக்கு

கையில் ஒரு வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் தெரியாத கனம், கையை நீட்டிப் பிடித்தால் தெரியும். வாளி அதேதான், தோளிலிருந்து தூரம் மட்டும் கூடியிருக்கிறது. ரிசீவருக்கும் இதே கதை.

ஒரு உதாரணம். இரண்டு சைக்கிள் ஏற்றும் மேடை வகை ராக் (சைக்கிளின் சக்கரங்களைத் தட்டில் நிறுத்துவது) 22 கிலோ, சைக்கிள்கள் தலா 14 கிலோ. மொத்தம் 50 கிலோ. அந்த எடையின் மையம் ரிசீவர் வாயிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50-ஐ 60-ஆல் பெருக்கினால் 3000. இப்போது 18 சென்டிமீட்டர் நீண்ட, 4 கிலோ எடையுள்ள அடாப்டரைச் சேருங்கள். 50-ஐ 78-ஆல் பெருக்கினால் 3900, அடாப்டரின் சொந்த எடையையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ராக்கும் மாறவில்லை, சைக்கிள்களும் மாறவில்லை. ரிசீவரைக் கீழ்நோக்கி நெம்பும் விசை மட்டும் 30 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. தராசில் வைத்தால் கூடியது வெறும் 4 கிலோதான். எடையை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு ‘இடம் இருக்கிறது’ என்று சொல்லக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். அதுவும் கார் நிற்கும்போது போடும் கணக்கு. வேகத்தடையில் ஏறி இறங்கும் கணத்தில் அத்தனை எடையும் ஒரு துள்ளு துள்ளி இறங்கும்.

ஆகவே நான் கடைப்பிடிக்கும் முறை இது. நான்கு எண்களைத் தாளில் எழுதுங்கள்: கார் தாங்குவது, ஹிட்ச் தாங்குவது, அடாப்டர் தாங்குவது, ராக் தாங்குவது. முதல் மூன்றில் எது மிகச் சிறியதோ அதிலிருந்து ராக்கின் எடையையும் அடாப்டரின் எடையையும் கழியுங்கள். மீதிதான் சைக்கிள்களுக்கு. அந்த மீதி, ராக் தயாரிப்பாளர் சொல்லும் சைக்கிள் எடையைவிடக் கூடுதலாக இருந்தால் அவர் சொன்னதே எல்லை. வெளியே நீளும் அடாப்டர் என்றால் அந்த எல்லையிலும் கணிசமாகக் குறைத்துக்கொள்வேன், மூன்றில் இரண்டு பங்கோடு நின்றுவிடுவேன். இது என் சொந்தக் கட்டுப்பாடு. அடாப்டரின் தாளிலேயே இதைவிடக் கடுமையாக எழுதியிருந்தால் அதுதான் சட்டம்.

மின்சார சைக்கிள் என்றால் இன்னும் எச்சரிக்கை. ஒன்று 20 முதல் 30 கிலோ வரை வரும். பேட்டரியைக் கழற்றி காருக்குள் வைத்தால் மூன்று நான்கு கிலோ குறையும். முதல் வகுப்பு ஹிட்ச்சில், நீளும் அடாப்டர் போட்டு, இரண்டு மின்சார சைக்கிள்கள் என்பது எனக்குச் சரிப்படாத கணக்கு.

இதோடு ராக்கின் கையேட்டில் அடாப்டர் என்ற சொல்லைத் தேடுங்கள். பல தயாரிப்பாளர்கள் அடாப்டரும் நீட்டிப்பும் கூடாது என்று நேரடியாகவே எழுதியிருப்பார்கள். நாலு சைக்கிள் ராக்குகள் பலவற்றுக்கு உண்மையான 2 இன்ச் ஹிட்ச்தான் வேண்டும். ‘கூடாது’ என்று இருந்தால் அதோடு பேச்சு முடிந்தது. அந்த ராக்கை மாற்றி, உங்கள் ரிசீவர் அளவிலேயே தண்டு உள்ளதை வாங்குங்கள். சில ராக்குகளில் இரண்டு அளவுத் தண்டும் தனித்தனியாகக் கிடைக்கும். அப்படியிருந்தால் அடாப்டரே தேவையில்லை, அதைவிட நல்ல வழி எதுவும் இல்லை.

சைலன்சர், டிக்கி, தரை

வாங்குவதற்கு முன் காருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

டிக்கி திறக்குமா? ராக் மடங்கும் வகை என்றால் மடக்கியபின் திறக்குமா? ஒன்றேகால் இன்ச்சிலிருந்து 2 இன்ச்சுக்குப் போகும் அடாப்டர் தரும் ஒரே நன்மை இதுதான்: வெளியே தள்ளிப் போவதால் டிக்கிக்கும் சைக்கிளின் ஹேண்டில் பாருக்கும் நடுவே கொஞ்சம் இடம் கிடைக்கும்.

தரைக்கு எவ்வளவு உயரம்? ராக் பின்னால் தள்ளிப் போகப் போக, சரிவிலிருந்து சாலைக்கு இறங்கும்போது அதன் அடிப்பக்கம் முதலில் இடிக்கும். வீட்டு வாசல் சரிவு செங்குத்தாக இருந்தால் மேல்நோக்கி வளைந்த அடாப்டர் பற்றி யோசிக்கலாம்.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது: சைலன்சர் வாய். மேடை வகை ராக்கில் சைக்கிளின் சக்கரம் காரின் ஓரம் வரை நீளும், சரியாகப் புகை வரும் குழாய்க்கு நேரே போய் நிற்கும். நண்பர் ஒருவர் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கிப் பார்த்தார். பின்சக்கர டயரில் உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் மினுமினுவென்று குழைந்து போயிருந்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. ஆரக்கம்பிகளோ ரிம்மோ பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன, ஆனால் டியூபும் டயரும் போய்விட்டன. கார்பன் ரிம்மாக இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். ராக்கை மாட்டிய பிறகு, சைக்கிளை ஏற்றி, சைலன்சர் வாய்க்கும் டயருக்கும் நேர்கோடு போகிறதா என்று பாருங்கள். போனால் சைக்கிளை முன்பின்னாகத் திருப்பி வையுங்கள், அல்லது அந்தப் பக்கச் சக்கரத்தைத் தள்ளி வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் மேல்நோக்கி வளைந்த அடாப்டர்தான்.

மாட்டும் வேலை

கையில் இருக்க வேண்டியவை: கம்பி பிரஷ், துணி, கொஞ்சம் கிரீஸ், ஸ்பேனர்கள், முடிந்தால் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கமாக முடுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்), சின்ன ரசமட்டம், சரியான அளவுப் பின்களும் கிளிப்புகளும், ஆட்டம் நிறுத்தும் கவ்வி. கவ்வி பற்றி கீழே சொல்கிறேன். காரைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சைலன்சர் முழுவதும் ஆறும் வரை காத்திருங்கள். முகம் அதன் பக்கத்தில்தான் இருக்கப் போகிறது.

ரிசீவரின் உள்ளே கம்பி பிரஷ் விட்டுத் துருவையும் மண்ணையும் சுரண்டி எடுங்கள். துணியால் துடையுங்கள். கிரீஸை மிக மெல்லிய படலமாக மட்டும் தடவுங்கள். நோக்கம் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாமல் இருப்பது. அள்ளி அப்பினால் மண் அதில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி அரைக்கும்.

இப்போது அடாப்டரை மட்டும் நுழையுங்கள். தட்டி அடித்து ஏற்ற வேண்டியிருந்தால் ஏதோ தவறு, வெளியே எடுத்து வண்ணப்பூச்சுக் கட்டியோ வெல்டிங் மணியோ தடுக்கிறதா என்று பாருங்கள். துளைகள் நேருக்கு நேர் வந்ததும் பின்னைக் கையாலேயே தள்ளுங்கள், முழுவதும் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கிளிப்பைச் செருகுங்கள். செருகியபின் பின்னைப் பிடித்து இருபக்கமும் இழுத்துப் பாருங்கள். கிளிப் ‘டக்’கென்று உட்காராமல் பாதியில் நிற்பது சாதாரணமாக நடக்கும், கண்ணால் பார்த்தால் தெரியாது, இழுத்தால்தான் தெரியும்.

அடுத்தது ஆட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ரிசீவருக்கும் அதற்குள் போகும் கட்டைக்கும் நடுவே எப்போதும் சிறு இடைவெளி இருக்கும், இல்லாவிட்டால் நுழையாது. அந்த இடைவெளி 1 மில்லிமீட்டர், கட்டை 10 சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கிறது என்று வையுங்கள். 80 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் ராக்கின் கடைசியில் அந்த 1 மில்லிமீட்டர் 8 மில்லிமீட்டராக மாறும். அடாப்டர் இருந்தால் இப்படி இரண்டு இணைப்புகள், இரண்டு இடைவெளிகள். இரண்டும் சேர்ந்தால் நுனியில் ஒன்றரை சென்டிமீட்டர் ஆட்டம் வருவது சாதாரணம். கார் ஓடும்போது அந்த ஆட்டம் ஒவ்வொரு குழியிலும் ஒரு சுத்தியல் அடி. துளைகள் மெல்ல நீள்வட்டமாகத் தேயும், பின் தேயும், வெல்டிங் சோரும்.

புதிய ராக்குகள் பலவற்றில் ஒரு கைப்பிடியைத் திருகினால் தண்டுக்குள் இருக்கும் ஆப்பு விரிந்து ரிசீவரின் சுவரை அழுத்திப் பிடிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது இறுக்குவது ராக்குக்கும் அடாப்டருக்கும் உள்ள இணைப்பை மட்டும். அடாப்டருக்கும் காருக்கும் உள்ள இணைப்பு அப்படியே லூஸாக இருக்கும். ராக்கை இறுக்கிவிட்டோம் என்ற நினைப்பில் பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள். நானும் முதல் தடவை, ராக்கின் கைப்பிடியை எவ்வளவு திருகியும் ஆட்டம் நிற்காமல் வெகுநேரம் குழம்பி நின்றேன். காருக்கு அடியில் கை விட்டு அடாப்டரைப் பிடித்த பிறகுதான் ஆடுவது எது என்று தெரிந்தது.

அந்த முதல் இணைப்பை நிறுத்த இரண்டு வழிகள். ஒன்று, மரை போட்ட பின். பக்கவாட்டில் முடுக்கினால் அடாப்டரை ரிசீவரின் ஒரு சுவரோடு இழுத்து ஒட்டவைக்கும். இதற்கு அடாப்டரின் துளையில் மரையோ உள்ளே நட்டோ இருக்க வேண்டும், எல்லா அடாப்டரிலும் இருக்காது. மற்றொன்று, ஆட்டம் நிறுத்தும் கவ்வி: ஆங்கில யூ எழுத்து மாதிரி வளைந்த போல்ட்டும் ஒரு தகடும். ரிசீவரின் வாய் வளையத்தையும் அடாப்டரையும் சேர்த்து வெளியிலிருந்து கவ்வி இழுக்கும். எந்த அடாப்டருக்கும் பெரும்பாலும் பொருந்தும், அதனால் எனக்குப் பிடித்தது இதுதான். இரண்டு நட்டையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒன்றை முழுவதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தகடு சாய்ந்து உட்காரும். எத்தனை டார்க் என்பதைக் கவ்வியோடு வரும் தாளில் பாருங்கள். கவ்வி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அது பின்னுக்கு மாற்று ஆகாது, பின்னும் கிளிப்பும் கட்டாயம்.

அடாப்டரைப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் பலமாக ஆட்டுங்கள். கார் ஆட வேண்டும், அடாப்டர் தனியாக ஆடக் கூடாது. அது சரியான பிறகே ராக்கைத் தூக்குங்கள்.

ராக் 20 கிலோவுக்கு மேல் என்றால் இன்னொருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். ஒருவர் தூக்கிப் பிடிக்க, மற்றவர் தண்டை நுழைத்துத் துளைகளை நேராக்கலாம். பின், கிளிப், ஆப்பு அல்லது மரை. மறுபடி அதே ஆட்டிப் பார்க்கும் சோதனை, இந்த முறை ராக்கின் கடைசி நுனியைப் பிடித்து. ரசமட்டத்தை ராக் மேல் வைத்துப் பாருங்கள். பின்பக்கம் லேசாகத் தாழ்ந்திருந்தால் இன்னும் எங்கோ ஆட்டம் மிச்சம் இருக்கிறது. நன்றாகத் தெரியும் அளவுக்குத் தொங்கினால் ஒவ்வொன்றாகக் கழற்றி அடாப்டர் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சிறிய வகுப்பு ஹிட்ச்சுகளுக்குச் சில தயாரிப்பாளர்கள், டிரெய்லர் அல்லாத எந்தச் சுமைக்கும் தாங்கு பட்டை போடச் சொல்கிறார்கள். ராக்கின் வெளிப்பக்கத்திலிருந்து காரின் மேல்பகுதிக்கு இழுத்துக் கட்டும் பட்டை அது. உங்கள் ஹிட்ச்சின் தாளில் அப்படி இருந்தால் விட்டுவிடாதீர்கள். அடாப்டர் போட்டவருக்கு அது இரட்டிப்பாகத் தேவை.

சைக்கிள் ஏற்றும்போது

கனமான சைக்கிள் காரை ஒட்டி, லேசானது வெளியே. மேலே போட்ட கணக்கின்படி, 18 கிலோ சைக்கிளை 30 சென்டிமீட்டர் உள்ளே தள்ளுவது ரிசீவருக்குப் பெரிய நிம்மதி. அடுத்ததை எதிர்த்திசையில் வைத்தால் ஹேண்டில் பாரும் சீட்டும் மோதாது. தண்ணீர் பாட்டில், பம்ப், பை, குழந்தை இருக்கை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். குழந்தை இருக்கை காற்றைப் பிடித்துப் பாய்மரம் போல இழுக்கும். தொங்கும் வகை ராக்கில் முன்சக்கரம் திரும்பி ஆடாமல் சட்டத்தோடு ஒரு பெல்ட் போட்டுக் கட்டுங்கள். மேல்குழாய் இல்லாத சைக்கிள்களுக்கு ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் இடையே மாட்டும் தற்காலிகக் கம்பி கிடைக்கிறது. ஆனால் கனமான மின்சார சைக்கிளை அந்தக் கம்பியில் தொங்கவிட வேண்டாம்.

பெல்ட்டுகளின் மிச்ச நுனிகளைச் சுருட்டிக் கட்டுங்கள். காற்றில் படபடக்கும் நுனி தானே இறுக்கத்தைத் தளர்த்தும், வண்ணத்தையும் உரசும்.

பிறகு பத்து அடி பின்னால் போய் நின்று பாருங்கள். நம்பர் பிளேட் தெரிகிறதா? பிரேக் லைட், இண்டிகேட்டர் தெரிகிறதா? மறைந்தால் உங்கள் நாட்டு விதிப்படி தனி விளக்குப் பலகை வைக்க வேண்டியிருக்கும். ரிவர்ஸ் சென்சார் ராக்கையே தடையாக நினைத்துக் கத்தும், கேமராவில் சைக்கிள் சக்கரம் மட்டும் தெரியும். பின் வைப்பரையும் பாருங்கள். தானாக ஓடும் வகை என்றால் ஹேண்டிலில் மாட்டி முறியும், அணைத்து வையுங்கள்.

முதல் பயணம்

முதலில் வீட்டைச் சுற்றி பத்து நிமிடம், வேகத்தடை ஒன்றையாவது கடக்கும்படி ஓட்டுங்கள். திரும்பி வந்து இறங்கி வரிசையாகத் தொட்டுப் பாருங்கள்: முதல் பின், முதல் கிளிப், கவ்வியின் இரண்டு நட்டுகள், இரண்டாம் பின், இரண்டாம் கிளிப், ஒவ்வொரு பெல்ட்டும். கவ்வியின் நட்டு முதல் ஓட்டத்தில் கால் சுற்று தளர்வது வழக்கம், இரும்பு தன் இடத்தில் படிந்து உட்காருகிறது. மறுபடி முடுக்கிவிட்டு, நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேரும்படி வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை பெட்ரோல் போட நிறுத்தும்போது ஸ்பேனர் இல்லாமலே, கோடு நேராக இருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ராக்கின் கையேட்டில் உச்ச வேகம் எழுதியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். கரடுமுரடான மண்பாதையில் அடாப்டரோடு போகவே வேண்டாம். அங்கே போக வேண்டுமென்றால், சைக்கிளை இறக்கி ஓட்டிக்கொண்டு போங்கள், அதற்குத்தானே கொண்டுவந்தோம்.

ஓட்டும்போது பின்னாலிருந்து புதிதாக ஒரு ‘டொக் டொக்’ கேட்டால், அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். கண்ணாடியில் சைக்கிள் காரோடு சேர்ந்து ஆடுகிறதா, தனியாக ஆடுகிறதா என்பதையும் அவ்வப்போது பாருங்கள். காரோடு சேர்ந்து ஆடினால் சரி.

கழற்றிய பிறகு

பயணம் முடிந்ததும் அடாப்டரையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். விட்டு வைத்தால் முதலில் உங்கள் முழங்காலில் இடிக்கும், அப்புறம் மழையும் மண்ணும் சேர்ந்து ரிசீவரோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் வேறு கார் லேசாக இடித்தாலும், பம்பர் வாங்க வேண்டிய அடி நேராக அடிச்சட்டத்துக்குப் போகும்.

கழற்றிய அடாப்டரைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒன்றேகால் இன்ச் கட்டை 2 இன்ச் பெட்டியோடு சேரும் வெல்டிங் ஓரத்தை, குறிப்பாக அதன் மேல்பக்கத்தை, நகத்தால் தடவுங்கள். சுமை கீழே இழுக்கும்போது பிளக்கப் பார்ப்பது அந்த மேல் ஓரம்தான். வண்ணப்பூச்சில் மயிரிழை போல ஒரு கோடும், அந்தக் கோட்டிலிருந்து துரு நீர் கசிந்த தடமும் தெரிந்தால் அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், மறுபடி வெல்டிங் வைக்க வேண்டாம். பின் துளை வட்டமாக இருக்கிறதா என்று பின்னையே செருகிப் பாருங்கள். நல்லதாக இருந்தால் லேசாக எண்ணெய் தடவி, இரண்டு பின்களையும் கிளிப்புகளையும் அந்த அடாப்டரின் குழாய்க்குள்ளேயே போட்டுத் துணியில் சுற்றி வையுங்கள். அடுத்த முறை கிளிப்பைத் தேடி வீடு முழுக்க அலைய வேண்டாம்.